மழைமுகில் நிறத்தில் ஓர் அறை



வீட்டுக்கு நிறம் தெரிவு செய்தல் சிறிய காரியம் போலத் தோன்றும். ஆயினும் ஒரு குடும்பம் பல மாதங்களாகச் சேர்த்து வைத்த பணம் ஒரு வார காலத்திற் சுவரிலே பூசப்பட்டு விடுகின்றது. பூசிய பின்னர், பிடிக்காத சேலையைப் போல அதனை மடித்துப் பெட்டியில் வைக்க முடியாது. கால் முறிந்த கதிரையைப் போலப் பின்விறாந்தைக்குத் தள்ளிவிடவும் முடியாது. காலையிற் கண் விழித்ததும் முதலிற் பார்ப்பது அதனையே. இரவில் விளக்கை அணைக்கும்போது இறுதியிற் பார்ப்பதும் அதனையே. ஐந்து வருடமோ ஏழு வருடமோ அந்த நிறத்தோடு கூடி வாழ்ந்தேயாக வேண்டும். ஆதலால், தீந்தைக் கடைக்குப் போகுமுன் சிறிது நேரம் சிந்திப்பது வீண்வேலையன்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரேயொரு நிறத்தைப் பற்றி. மேனாட்டார் அதனைச் சிலேற்று நீலம் என அழைப்பர். நீலமும் சாம்பலும் கலந்து, வெளிறியும் இராமல் இருண்டும் இராமல் நடுத்தரமாய் நிற்பது அந்த நிறம். சிலேற்று என்பது களிமண் படிவுகள் பூமியின் அழுத்தத்தால் இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மை பெற்ற ஒரு பாறை. வேல்சு நாட்டின் வடமேற்குப் பகுதியில் அதனை வெட்டியெடுத்து உலகெங்கும் கூரை வேய்ந்தார்கள். அந்தக் கற்சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நம் மூத்த தலைமுறையினர் அரிச்சுவடி எழுதிப் பழகிய கற்பலகையும் அதே கல்லாற் செய்யப்பட்டதே. இன்னும் நெருங்கிய உவமை வேண்டுமானால், ஐப்பசி மாதத்தில் மழை இறங்குவதற்குச் சற்று முன் கீழ்வானிற் கூடும் முகிலை நினைத்துக்கொள்ளுங்கள். திருமாலை முகில்வண்ணன் என்று போற்றிய மக்களுக்கு இந்த நிறம் அந்நியமானதன்று.

எனினும், சுவருக்கு நீலம் என்று சொன்னவுடன் நம்மிற் பலர் முகஞ்சுளிப்பதுண்டு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலே சலவை நீலத்தைக் கரைத்துப் பூசிய பழைய சுவர்கள் அவர்களுடைய நினைவிற்கு வருகின்றன. அது கண்ணைக் குத்தும் வெளிர்நீலம். நாம் பேசுவது அதனையன்று. நிறத்திற்கு மூன்று இயல்புகள் உண்டென அமெரிக்க ஓவிய ஆசிரியராகிய அல்பேட் மன்செல் என்பவர் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். நீலமா சிவப்பா என்பது முதலாவது இயல்பு. வெளிறியதா இருண்டதா என்பது இரண்டாவது. செறிவானதா, சாம்பல் கலந்து மங்கியதா என்பது மூன்றாவது. சலவை நீலச் சுவர் வெளிறியது, ஆனால் கூர்மையானது. சிலேற்று நீலமோ அதனிலும் இருண்டது, ஆனால் மென்மையானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் நல்ல நிறமொன்றை வீட்டுக்குள் விடாமற் போகின்றனர்.

நீலத்தைச் சுவருக்குக் கொண்டு வருதல் முற்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. ஆப்கானிஸ்தானத்துப் பதக்சான் மலைகளிலிருந்து வந்த நீலக் கல்லை அரைத்து எடுத்த நிறம் பொன்னுக்கு நிகரான விலை பெற்றது. அதனைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்கு பரிசளிப்பதாக 1824ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. கிமே என்னும் இரசாயன அறிஞர் 1828இல் அப்பரிசைப் பெற்றார். நம் பாட்டிமார் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலத்தூள் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததே. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1700களின் தொடக்கத்தில், பேர்லின் நகரிற் பிரசிய நீலம் தோன்றியிருந்தது. அது மலிவானது; ஆனால் சுண்ணாம்புக்கும் சீமெந்துக்கும் இயல்பாயுள்ள காரத்தன்மை அதனைக் கெடுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டில், 1935ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த தலோசயனீன் நீலம் காரத்திற்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்தது. இன்று கடையில் இயந்திரம் கலந்து தரும் நீலங்களுட் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடிப்படை. இன்னொரு செய்தி நமக்குப் பெருமை தருவது. சென்னையிற் பிறந்த மாஸ் சுப்பிரமணியன் என்னும் அறிஞர் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றுகையில், 2009ஆம் ஆண்டில், வேறோர் ஆராய்ச்சிக்காகச் சில உலோக ஒட்சைட்டுகளைச் சூளையிற் சுட்டபோது, எதிர்பாராத வகையிற் புத்தம் புதிய நீலமொன்று வெளிப்பட்டது. சூரிய வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும் இயல்பும் அதற்கு உண்டு.

இனி நமது வீட்டுக்கு வருவோம். இந்த நிறத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வடக்கு நோக்கிய அறைக்கு நீலம் ஆகாது, தெற்கு நோக்கிய அறைக்கே ஆகும் என்று அவை கூறும். அங்கே சூரியன் எந்நாளும் தென்பக்கமாகவே நடுப்பகல் வானத்தைக் கடக்கின்றான். ஆகையால் அது அங்கே பொருந்தும். நமது தீவோ வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையிலே கிடக்கின்றது. ஏப்பிரல் மாதத்தின் முதற் பாதியில் ஒரு முறையும், ஓகத்து இறுதி முதல் செத்தெம்பர் தொடக்கம் வரை இன்னொரு முறையும் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கின்றான். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் வெயில் வடக்குச் சுவரிலே படுகின்றது. எஞ்சிய மாதங்களில் தெற்குச் சுவரிலே படுகின்றது. ஆகவே நமக்கு வடக்கும் தெற்கும் பெரிய வேறுபாடு தருவதில்லை. கிழக்கும் மேற்குமே கவனிக்கத்தக்கவை.

கிழக்கு யன்னலுள்ள அறையிற் காலை வெயில் பட்டதும் சிலேற்று நீலம் தெளிந்து விளங்கும். பகல் முழுவதும் அமைதியாக இருக்கும். மேற்கு அறையிலோ மாலையின் செம்மஞ்சள் ஒளி வந்து விழும்போது அதன் நீலம் அடங்கிச் சாம்பல் மேலோங்கும். சிலருக்கு அது இதமாயிருக்கும். சிலருக்குச் சோர்வாகத் தோன்றும். அந்தி மயங்கும் வேளையில் இன்னொரு மாற்றம் நிகழ்கின்றது. ஒளி குறையக் குறையச் சிவப்பு நிறங்கள் முதலிற் கறுத்துப்போக, நீல நிறங்கள் நெடுநேரம் துலங்கி நிற்கும். செக் நாட்டு உடற்றொழிலியல் அறிஞராகிய பேர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைக் கண்டு கூறினார். விளக்கேற்றுவதற்கு முன்னுள்ள அந்தச் சிறு பொழுதில் இந்த நிறமுள்ள அறை மிக அழகாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

பின்னர் விளக்கேற்றுகின்றோம். நம் வீடுகள் பலவற்றில் எரிவது, பகலொளி என்று பெட்டியில் எழுதப்பட்ட 6500 கெல்வின் வெள்ளை மின்குமிழ். அந்த ஒளியிற் சிலேற்று நீலம் குளிர்ந்து, ஒரு மருத்துவச்சாலைச் சுவரின் சாயலைப் பெற்றுவிடும். 2700 அல்லது 3000 கெல்வின் கொண்ட இளமஞ்சள் மின்குமிழ் பொருத்தினால் அதே சுவர் மென்மையடையும். எனவே தீந்தையின் விலையை எண்ணும்போது, இரண்டு மின்குமிழ்களின் விலையையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். சுவர் பிழையென்று வருந்திய வீட்டில் விளக்கை மட்டும் மாற்றி மன ஆறுதல் அடைந்தோரும் உண்டு.

அடுத்து, எத்தனை சுவருக்குப் பூசுவது என்னும் வினா. வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும். நடுத்தரச் சிலேற்று நீலமோ ஏறக்குறைய இருபது முதல் முப்பது பங்கையே திருப்பித் தரும். எஞ்சியதை விழுங்கிவிடும். தாழ்ந்த கூரையும் ஆழ்ந்த விறாந்தையும் உள்ள நமது வீடுகளில் உள்ளறைகளுக்கு வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. அங்கே நான்கு சுவருக்கும் இதனைப் பூசினாற் பட்டப்பகலிலும் விளக்கேற்ற நேரிடும், மின்கட்டணம் ஏறும், பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்கு ஓடுவார்கள். அப்படிப்பட்ட அறைக்கு ஒரு சுவர் போதும். அந்த ஒரு சுவரும் யன்னலுள்ள சுவராக இருத்தலாகாது. இருண்ட சுவரின் நடுவே ஒளிமிகுந்த யன்னல் இருந்தாற் கண் கூசும். யன்னலுக்கு எதிரேயுள்ள சுவரையோ பக்கச் சுவரையோ தெரிந்தெடுங்கள். மேற்கூரைத் தட்டு வெள்ளையாகவே இருக்கட்டும். இருபுறமும் பெரிய யன்னல்களுள்ள கூடமானால், அல்லது முற்றத்தைச் சூழ்ந்த நாற்சார் வீட்டின் விறாந்தையானால், துணிந்து எல்லாச் சுவர்களுக்கும் பூசலாம்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். நீலம் பூசினால் வீடு குளிரும் என்று சிலர் நம்புகின்றனர். கண்ணுக்குக் குளிர்ச்சி உண்டு. வெப்பமானியில் மாற்றம் இராது. வெளிச்சுவரிலோ நிலைமை எதிர்மாறானது. மேற்கு வெயில் படும் வெளிச்சுவருக்கு நடுத்தர நீலத்தைப் பூசினால், வெள்ளைச் சுவரைவிட அது மிகுந்த வெப்பத்தை ஏற்று உள்ளே விடும். வீட்டின் புறத்தே இந்த நிறத்தை விரும்புவோர் நிழலில் உள்ள கதவு, யன்னல், விறாந்தைத் தூண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, இந்த நிறத்திற்கு ஏற்ற துணை எவை? பாரிசு நகரில் கோபலென் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையில் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர் சாயப்பகுதிக்குத் தலைவராக இருந்தார். நீலத்தோடு சேர்த்து நெய்யும் கறுப்பு நூல் வலுவிழந்து காணப்படுகின்றதென்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. அவர் ஆராய்ந்து, சாயத்திற் குறை இல்லை, பக்கத்தில் உள்ள நிறமே கறுப்பை மாற்றிக் காட்டுகின்றது என்று கண்டார். 1839இல் அவர் வெளியிட்ட நூல், ஒவ்வொரு நிறமும் தன் அயலவனைத் தனக்கு எதிரான நிறத்தை நோக்கித் தள்ளும் என்பதை விளக்கியது. நீலத்துக்கு எதிர்நிறம் செம்மஞ்சள். ஆகவே நீலச் சுவரின் முன் நிற்கும் மஞ்சளும் தவிட்டு நிறமும் செங்காவியும் முன்னிலும் ஒளி பெறும்.

இந்த உண்மை நமது வீடுகளுக்கு மிகவும் வாய்ப்பானது. பலாமரத்து அலுமாரி, தேக்கமரச் சாய்மனைக் கதிரை, சிவப்புச் சீமெந்துத் தரை, பனையோலைப் பெட்டி, பன்பாய், பித்தளைக் குத்துவிளக்கு ஆகிய யாவும் செம்மஞ்சட் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெள்ளைச் சுவரின் முன்னே மங்கிக் கிடந்த பழைய பலாமர அலுமாரியைச் சிலேற்று நீலத்தின் முன் வைத்துப் பாருங்கள். அதன் பொன்னிறம் தெளிந்து வரும். புதுத் தளபாடம் வாங்காமலே வீடு புதிதாகும். மாறாக, கறுப்பு இரும்புக் கதிரையும் சாம்பல் நிறத் தரையோடும் உள்ள அறையில் இதே நிறம் சோகம் தோய்ந்ததாய்த் தோன்றும். அத்தகைய அறைக்கு மஞ்சள் கலந்த கைத்தறித் திரைச்சீலையோ பத்திக்குத் துணியோ சூடு தரும். கதவு நிலைகளுக்கும் யன்னற் சட்டங்களுக்கும் பால்வெள்ளை பூசுவோர் அது நீல நோக்குள்ள வெள்ளையாக இல்லாது சிறிது மஞ்சள் நோக்குள்ளதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சுவாமியறையிற் குத்துவிளக்கின் பின்னேயுள்ள சுவர் ஒன்றை மட்டும் இந்த நிறமாக்கினாற் சுடரின் பொலிவு எத்தகையதென்பதை நீங்களே காண்பீர்கள்.

அயலறையைப் பற்றியும் எண்ணவேண்டும். குளோட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் சிவேர்னி என்னும் ஊரிலுள்ள தமது வீட்டில், உணவருந்தும் அறையை முழுவதும் மஞ்சளாக அமைத்தார்; அதையடுத்த சமையலறையில் நீல ஓடுகள் பதித்தார். மஞ்சளறையிலிருந்து கதவினூடே நீலம் தெரிய, இரண்டும் ஒன்றையொன்று சிறப்பித்தன. இன்றும் மக்கள் சென்று காணும் வீடு அது.

அதே மோனேயின் வாழ்க்கை இன்னொரு பாடத்தையும் தருகின்றது. முதுமையில் அவர் கண்களிற் புரை வளர்ந்தது. 1923ஆம் ஆண்டில் வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்த பின்னர், எல்லாம் மிகையாக நீலமாய்த் தெரிகின்றதென்று அவர் முறையிட்டார். காரணம் யாதெனில், வயது ஏற ஏற நமது கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாது தடுக்கின்றது. அந்த வில்லையை நீக்கியதும் மறைந்திருந்த நீலம் யாவும் ஒருங்கே வந்து சேர்ந்தது. இதனை நாம் வீட்டில் மறக்கலாகாது. முப்பது வயது மகளுக்கு முகில் நீலமாய்த் தெரியும் சுவர் எழுபத்தைந்து வயதுப் பாட்டனாருக்கு வெறும் இருண்ட சாம்பலாகவே தெரியலாம். சாம்பற் சுவர், சாம்பற் கதவு, சாம்பல் நிலை என்று யாவும் கலந்துவிட்டால், இரவில் எழுந்து போகும் முதியவர் கதவு எங்கே, படி எங்கே எனத் தடுமாறுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அந்த வயதில் அது உயிருக்கே உலை வைக்கும் காரியம். முதியவர் வாழும் அறையிலும் அவர் நடக்கும் வழியிலும் இந்த நிறத்தைப் பூசுவதானால், கதவு நிலையும் மின்விசைப் பலகையும் படியின் விளிம்பும் வெள்ளையாய்த் தனித்துத் தெரியவேண்டும். சுவர் எத்தனை அழகாயினும் அது அவருக்கு வழிகாட்டவேண்டும்.

இனிச் சுவரின் நிலைமை. வெள்ளைச் சுவரில் மறைந்துவிடும் குறை நடுத்தர நீலத்தில் மறையாது. கடலோர ஊர்களிலும் உவர்நீரிற் கலவை குழைத்த இடங்களிலும் சுவரிலே உப்புப் பூக்கும். வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாது. நீலத்திலோ சாம்பல் கொட்டியது போலத் தெரியும். கசிவின் மூலத்தை முதலில் அடைத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி நீக்கி, சுவர் நன்கு காய்ந்த பின்னரே தீந்தை பூசவேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சு குறைந்தது நான்கு வாரமாவது காயவேண்டும். காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சும் வேண்டும். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் திருத்தப்பட்ட வீடுகள் பலவற்றிற் பழைய சுண்ணாம்புச் சாந்தும் புதிய சீமெந்தும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கின்றன. அடிப்பூச்சு இல்லாவிடில் ஒரே நீலம் அங்கே இரு நீலமாய்க் காயும்.

நம்மவர் தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத அந்த நாட்களிற் சுவர் உள்ளூர ஈரமாகவே இருக்கும். காற்றை உட்புகவிடும் சுண்ணாம்புக்கு அதனாற் பெரிய கேடில்லை. இக்காலத்து இழுதுத் தீந்தையோ சுவரை மூடிவிடுவதாற் கொப்புளித்து உரியும். பொங்கலுக்குக் கூட்டிக் கழுவிக் கோலமிட்டு, சித்திரை வருடப்பிறப்புக்குத் தீந்தை பூசுவதே அறிவுடைமை.

மற்றொரு எச்சரிக்கை. பழைய வீடுகளிற் கதவுக்கும் யன்னலுக்கும் பூசிய எண்ணெய்த் தீந்தைகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இலங்கையில் 2013ஆம் ஆண்டு முதலே தீந்தையில் உள்ள ஈயத்தின் அளவு சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உரஞ்சினால் அந்தத் தூள் தரையிற் படிந்து, தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும் சேரும். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே நீர் தெளித்து ஈரமாக உரஞ்சுங்கள். தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அகற்றுங்கள். அவ்வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

மினுமினுப்பைப் பற்றி ஒரு சொல். மினுக்கமுள்ள தீந்தை நடுத்தர நீலத்தில் சாந்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் எடுத்துக் காட்டும். மினுக்கமற்றது அவற்றை மறைக்கும். ஆனால் கைபட்ட இடம் அழுக்காகும். சாய்மனைக் கதிரையில் ஐயா சாய்ந்திருக்க, அவர் தலையில் தடவிய நல்லெண்ணெய் சுவரில் வட்டமிடுவது எல்லா வீட்டிலும் உள்ள சித்திரமே. கழுவத்தக்க இளமினுக்கத் தீந்தை அதற்குத் தக்க மருந்து. கதிரையை ஒரு சாண் முன்னே இழுத்துப் போடுவது அதனினும் மலிவான மருந்து.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையின் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. ஒரு கதவையும் இரண்டு யன்னல்களையும் கழித்தால் ஏறக்குறைய 387 சதுர அடி, அதாவது 36 சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்கு 72 சதுர மீற்றர். ஒரு லீற்றர் தீந்தை 10 சதுர மீற்றரை மூடுமெனக் கொண்டால், 7 லீற்றருக்குச் சிறிது கூடுதலாக வேண்டும். நீளமான சுவர் ஒன்று மட்டுமானால் இரண்டரை லீற்றர் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட பேணிகள் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பின் பூசச் சொல்லுங்கள். பேணிக்குப் பேணி நிறம் நூலளவு வேறுபடும்; சுவரின் நடுவே அந்த வேறுபாடு கோடாய்த் தெரியும்.

இத்தனைக்கும் முன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. கடையில் தரும் விரலளவு நிறச்சீட்டை நம்பி முழுத் தீந்தையையும் வாங்காதீர்கள். நான்கு சுவர்களும் ஒன்றின் ஒளியை ஒன்று வாங்கித் தருவதால், சுவரில் நீலம் சீட்டில் உள்ளதைவிடச் செறிவாய்த் தோன்றும். மனத்திற்குப் பிடித்த சீட்டிலும் ஒரு படி சாம்பல் கூடிய நிறத்தின் சிறிய பேணி ஒன்றை வாங்குங்கள். இரண்டு அடிச் சதுரப் பலகையில் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அறையின் ஒவ்வொரு சுவரிலும் மாறி மாறிச் சாத்தி வையுங்கள். காலையிலும் நடுப்பகலிலும் அந்தியிலும், இரவில் மின்குமிழின் கீழும், மூன்று நாளுக்குப் பாருங்கள். பலாமர அலுமாரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவரை அழைத்து, அந்தப் பலகை அவருக்கு என்ன நிறமாய்த் தெரிகின்றதென்று கேளுங்கள். அவர் நீலம் என்று சொல்வாராயின் அச்சமின்றிப் பூசலாம். சாம்பல் என்றோ கறுப்பு என்றோ சொல்வாராயின், ஒரு படி வெளிறிய நிறத்திற்கு இறங்கி வாருங்கள். அந்த வீட்டிற் பகற்பொழுதை அதிகம் கழிப்பவர் அவரே அல்லவா? அவருடைய கண்ணுக்கும் இதமாயிருக்கும் நிறமே அந்தக் குடும்பத்துக்கு உரிய நிறம்.